அறுபதாயிரம் ரூபாயோடு ரிச்சி தெருவுக்கு

புடவை எடுக்கத் தியாகராய நகர், மளிகைக்கும் பாத்திரத்துக்கும் பாரிமுனை, காய்கறிக்கும் பூவுக்கும் கோயம்பேடு என்று சென்னையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் உண்டு. இவையெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரிச்சி தெரு என்றால் மட்டும், "அது ஆம்பளைங்க போற இடமாச்சே" என்று ஒதுங்கி விடுகிறோம். வீட்டில் உட்கார்ந்தபடி நாலு காசு சம்பாதிக்க நினைக்கும் பெண்கள் இந்தத் தெருவையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டையின் ஓரத்தில் இருக்கிறது இந்தக் குட்டித் தெரு. சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கூவம் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. 'சின்னத் தறிப் பேட்டை'தான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறிச் சத்தம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் ஓரத்துத் தெருவில் ரேடியோ உதிரி பாகங்கள் விற்றார்கள், பிறகு டி.வி. சாமான்கள், அதற்கும் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இன்று ரிச்சி தெருவும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்து ஒரே சந்தையாக இருக்கின்றன.

நாங்கள் போனது 2024 ஜூலையில். நாங்கள் என்றால், நானும் என் தங்கை மகளும். அவள் கல்யாணத்துக்கு முன்பு எங்கள் ஊர் செங்கல்பட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். பழைய, மங்கிப்போன, கறையான் அரித்த படங்களைக் கம்ப்யூட்டரில் துடைத்துச் சீராக்குவதில் கை தேர்ந்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். குழந்தைக்கு ஒன்றரை வயசு ஆனபோது ஸ்டூடியோக்காரர், "வீட்டிலேயே மிஷின் வச்சுக்கம்மா. படத்துக்கு இவ்வளவுன்னு நான் தரேன்" என்றார். மாப்பிள்ளையின் சம்பளத்தில் வாடகையும் பாலும் போக மிச்சம் எதுவும் இல்லை. அதனால் கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு வளையல்களைப் பாங்கில் அடகு வைத்து அறுபதாயிரம் வாங்கினாள். அவள் மாமியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "மிஷின் வாங்கி மூலையில போட்டா வளையல் திரும்புமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அறுபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வாங்கும் மிஷின் வேலைக்கு உதவவில்லை என்றால் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் அறிவு அவளுடையது, பேரம் பேசுவது என்னுடையது என்று பங்கு பிரித்துக்கொண்டு கிளம்பினோம். குழந்தையை என் தங்கை பார்த்துக்கொண்டாள்.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி வரை வந்து, அங்கே மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து கொஞ்ச தூர நடைதான். பத்தரை மணிக்கு மேல்தான் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே போகின்றன. அட்டைப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கிய மூன்று சக்கர வண்டிகள், நடுவே ஸ்கூட்டர்கள், நடைபாதையில் ரிமோட்டும் சார்ஜரும் ஒயர் சுருளும். ஆறடி அகலக் கடைக்கு மேல் இன்னொரு கடை, அதற்கு ஏறக் குறுகலான படிக்கட்டு. ஈயப் பற்று வைக்கும் புகை வாசனை எங்கும். "என்னக்கா வேணும், சிசிடிவியா? லேப்டாப் சர்வீஸா?" என்று வழி நெடுகக் கேட்கிறார்கள். கைப்பையை முன்பக்கமாக அணைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

முதலில் ஏறிய கடையில் ஒரு பையன் எங்களைப் பார்த்துவிட்டு, "சார் வரலையா மேடம்?" என்றான். "சார் ஆபீஸ் போயிருக்காரு. கம்ப்யூட்டர்ல உக்காரப் போறது இவதான், இவகிட்டயே பேசுப்பா" என்றேன். போட்டோ வேலைக்கு என்று சொன்னதும் மளமளவென்று ஒரு கொட்டேஷன் போட்டுக் கொடுத்தான். சரியாக அறுபதாயிரம் வந்தது! அதில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் 16,500. பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே வர்ண விளக்கு எரியும் கேபினட் 5,200. மானிட்டர், விளையாட்டுப் பிள்ளைகள் வாங்கும் 165 ஹெர்ட்ஸ் வளைந்த ரகம். ராம் மட்டும் 8 ஜி.பி., அதுவும் ஒன்றே ஒன்று. பிராசஸருக்கு நேரே ஐ-5 12400 எஃப் என்று எழுதியிருந்தது.

தங்கை மகள் அந்த 'எஃப்' என்ற எழுத்தைச் சுட்டிக் காட்டினாள். "பெரியம்மா, இந்த எழுத்து இருந்தா பிராசஸருக்குள்ள படம் காட்டுற பகுதி வேலை செய்யாது. அப்போ கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆகணும். எழுத்து இல்லாத வெறும் 12400 கொஞ்சம் விலை கூட, ஆனா கார்டே வேண்டாம்." ஒரே ஓர் எழுத்து, பதினாறாயிரம் ரூபாய்ச் செலவை இழுத்து வருகிறது பாருங்கள்! கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சு வரோம் தம்பி" என்று இறங்கினோம்.

தெருமுனையில் டீ குடித்துக்கொண்டே எது முக்கியம், எது ஆடம்பரம் என்று பேசினோம். அவள் எனக்கு விளக்கிய கணக்கை அப்படியே சொல்கிறேன்.

நாலங்குலம் அகலமும் ஆறங்குலம் உயரமும் உள்ள ஒரு பழைய கல்யாணப் படம். நுணுக்கமாகத் திருத்த வேண்டுமானால் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்வார்கள். 4800-ஐ 7200-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள். உயர்தரமாக, அதாவது 16 பிட் கணக்கில், வைத்தால் ஒரு படத்துக்கு 200 எம்.பி. பிடிக்கும். அதோடு போயிற்றா? கறையை நீக்க ஒரு படலம், முகத்துக்கு ஒன்று, பட்டுப் புடவையின் நிறத்துக்கு ஒன்று என்று படத்தின் மேல் படலமாக வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். பத்துப் படலம் என்றால் 2 ஜி.பி. ஆயிற்று. செய்ததை அழித்துப் பின்னோக்கிப் போகவும் இடம் வேண்டும், கம்ப்யூட்டர் தான் ஓடவும் இடம் வேண்டும். இத்தனையும் ராமில்தான் விரித்துப் போட வேண்டும்.

ராம் என்பது நம் சமையல் மேடை மாதிரி. மேடை சிறியதாக இருந்தால் நறுக்கின காயைத் தரையில் வைத்து, குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். ராம் நிரம்பினால் கம்ப்யூட்டரும் அப்படித்தான், டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கும். வேலை நத்தை வேகத்தில் நகரும். 8 ஜி.பி. போதவே போதாது. 16 இருந்தால் ஓட்டலாம், 32 இருந்தால் நிம்மதி. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. மலிவான மதர்போர்டுகளில் ராம் செருக இரண்டே இடம்தான் இருக்கும். இரண்டு எட்டுகளைப் போட்டு அடைத்துவிட்டால், பிறகு கூட்டும்போது அவற்றைக் கழற்றிப் போட வேண்டும். ஆகவே பதினாறு பதினாறாக வாங்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு வீண் என்று நான் சொல்லவில்லை. வீடியோ வேலைக்கும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வேலைக்கும் அது நன்றாக உதவும். ஆனால் அதைச் செருகும் இடம் மதர்போர்டில் இருக்கிறது. சம்பாதித்துப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். மானிட்டரையும் ராமையும் முதலிலேயே சரியாக வாங்காவிட்டால் அன்றாட வேலையே இழுபறிதான்.

அடுத்துப் போன கடையில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எழுதிக் கொண்டுபோன சீட்டை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு, "யாரும்மா எழுதினது? கரெக்டா இருக்கே" என்றார். தங்கை மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மானிட்டர் பார்க்க மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்தோம். கடை வெளிச்சத்தில் மயில் கழுத்து நிறமாகத் தெரிந்த புடவை, வீட்டுக்கு வந்தால் வேறு நிறமாக இருக்கும். அதனால்தானே வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்து வாங்குகிறோம்? மானிட்டர் பொய் சொன்னால் படம் திருத்துகிறவளுக்கும் அதே கதிதான். திரையில் மாநிறமாகத் தெரியும் முகம், பிரிண்ட் போட்டால் மஞ்சளாகவோ கருத்தோ வரும். ஸ்டூடியோக்காரர் திருப்பி அனுப்புவார். இவள் ஒரு பென்டிரைவில் இரண்டு படங்களையும், அவற்றின் பிரிண்ட்களைக் கைப்பையிலும் கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு மானிட்டரிலும் போட்டு, பிரிண்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். நேரே பார்த்தோம், பக்கவாட்டில் நின்றும் பார்த்தோம். ஐ.பி.எஸ். ரகத் திரையில் எந்தப் பக்கம் நின்றாலும் நிறம் அதிகம் மாறவில்லை. 'எஸ்.ஆர்.ஜி.பி. 99 சதவீதம்' என்று போட்டிருந்த 24 அங்குலத் திரையைத் தேர்ந்தெடுத்தோம். பிரிண்ட் போடும் லேப்கள் பெரும்பாலும் கேட்பது இந்த எஸ்.ஆர்.ஜி.பி. நிற அளவைத்தான். 165 ஹெர்ட்ஸ் வேகம் ஓடி விளையாடும் பொம்மைகளுக்குத்தான் வேண்டும். தாத்தா பாட்டி படம் எங்கேயும் ஓடப் போவதில்லை.

கடைக்காரர் ஒரு யோசனையும் சொன்னார். புது மானிட்டர்கள் பளபளவென்று அதிக வெளிச்சத்தில் வைத்தே வருமாம். அப்படியே திருத்தினால் பிரிண்ட் கறுத்துப் போகும். "வீட்டுக்குப் போனதும் வெளிச்சத்தைக் குறைச்சு, பிரிண்டோட ஒத்துப் பாரும்மா" என்றார்.

பிராசஸர் விஷயத்தில் ஒன்று கவனித்தோம். பெட்டியில்லாமல் தட்டில் வரும் 'டிரே' சரக்கு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் கம்பெனி சீல் போட்ட பெட்டியில் வரும் இன்டெல் பிராசஸருக்குத்தான் மூன்று வருஷ கியாரண்டி. அடகுப் பணத்தில் வாங்கும்போது அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

எல்லோரும் சிக்கனம் பிடிக்க நினைப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸில், அதாவது உள்ளே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில். 'கேபினட்டோடு ஃப்ரீ' என்று ஒரு கடையில் நீட்டினார்கள். அடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரெகுலேட்டர் மட்டமானால் ஆபத்துதானே? மட்டமான எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம். பெயர் பெற்ற கம்பெனியின் 550 வாட் ஒன்றைத் தனியாக வாங்கினோம். பிறகு கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் தாங்கும்.

வாங்கியவற்றின் கணக்கு இதோ:

பிராசஸர் (ஐ-5 12400, பெட்டியோடு) – ரூ. 14,000
மதர்போர்டு – ரூ. 6,800
ராம் (16 + 16 ஜி.பி.) – ரூ. 6,600
எஸ்.எஸ்.டி. (1 டி.பி., என்.வி.எம்.இ. ரகம்) – ரூ. 5,700
மானிட்டர் – ரூ. 10,400
எஸ்.எம்.பி.எஸ். – ரூ. 3,600
கேபினட் (தூசி வடிகட்டியோடு, விளக்கு இல்லாதது) – ரூ. 2,400
கீபோர்டும் மவுஸும் – ரூ. 900
யு.பி.எஸ். – ரூ. 3,000
வெளியே செருகும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் – ரூ. 4,300
ஆக மொத்தம் – ரூ. 57,700

கடைசி இரண்டையும் வாங்குவதா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். நான் விடவில்லை. எங்கள் பக்கம் கரண்ட் போகாத வாரம் கிடையாது. இரண்டு மணி நேரம் செய்த வேலையை எழுந்துபோய்ச் சேமித்து வைக்க யு.பி.எஸ். தரும் பத்து நிமிஷம் போதும். ஹார்ட் டிஸ்க்கோ அதைவிட முக்கியம். நம்மிடம் வரும் படங்கள் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும் ஒரே படமாக இருக்கலாம். திருத்தி முடித்த அன்றே இன்னொரு பிரதி அதில் போய்விட வேண்டும்.

பில் போடும் நேரத்தில் உள்ளேயிருந்து வந்த ஒருவர், "பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. மிச்சம்க்கா" என்று காதோடு சொன்னார். ஒன்பதாயிரத்துக்குக் கிட்ட வருமே என்று யாருக்கும் ஆசை வரும். ஆனால் பில் இல்லாமல் கியாரண்டிக்கு எங்கே போய் நிற்பது? ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்கினோம். 'விண்டோஸ், போட்டோ சாஃப்ட்வேர் எல்லாம் சும்மா போட்டுத் தரோம்' என்றதற்கும் தலையாட்டவில்லை. திருட்டுச் சரக்கோடு வைரஸும் வந்தால் ஊரார் படங்கள் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, அதில் 1996-லிருந்து இலவசமாகவே வந்துகொண்டிருக்கும் 'ஜிம்ப்' என்ற சாஃப்ட்வேரில் வேலை தொடங்கினாள். விண்டோஸ் உரிமம் வாங்குவதைச் சம்பாத்தியம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

பூட்டுக் கூலி 500 ரூபாய். மாடியில் ஒரு பையன் கண்ணெதிரே பூட்டினான். பெட்டிகளின் சீலை எங்கள் முன்னால்தான் பிரித்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எது எங்கே போகிறது என்று இவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஓட விட்டுப் பார்த்து, 32 ஜி.பி. ராமும் தெரிகிறதா என்று திரையில் சரிபார்த்த பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

ஒரு வருஷம் கழிந்தபோது நிலவரம் இதுதான். படத்துக்கு 150 முதல் 400 ரூபாய் வரை கிடைத்தது. குழந்தை தூங்கும் நேரத்தில்தான் வேலை. மாதம் இருபது, இருபத்தைந்து படத்துக்கு மேல் முடியாது. வளையல் உடனே திரும்பிவிடவில்லை. 2025 ஜூலையில் வட்டி போக அசலில் பாதி அடைந்திருந்தது. மாமியார் இப்போது, "கம்ப்யூட்டர்கிட்ட ஓடாதடா" என்று பேரனைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். போன மாதம் தம் தாயாரின் ஒரே படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "இந்த மூக்குத்தி தெரியுற மாதிரி செய்ய முடியுமா?" என்றும் கேட்டாராம்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வேலை நாளில் பதினொரு மணிக்குப் போய்விடுங்கள். என்ன வேலைக்கு, எவ்வளவு பணம், என்னென்ன சாமான் என்று வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கடைகளிலாவது கொட்டேஷன் வாங்கி, மொத்தத்தைப் பார்க்காமல் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

நான் எழுதியிருப்பது 2024-ன் விலை. 2025 கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவதே காரணம். விலை எட்டாவிட்டால் 16 ஜி.பி. ஒன்றை மட்டும் வாங்கி, இன்னோர் இடத்தைக் காலியாக விடுங்கள். இறங்கும்போது மற்றதைச் சேர்க்கலாம்.

கையில் இருபதாயிரம்தான் இருக்கிறதா? ஆபீஸ்களில் கழித்த பழைய கம்ப்யூட்டர்களும் இந்தத் தெருவில் கிடைக்கின்றன. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 அதற்கு முந்திய பிராசஸர்களை ஏற்பதில்லை.

வீட்டில் மானிட்டரைக் கை நீளத் தூரத்தில், ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி வையுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி வாசல் மரத்தைப் பாருங்கள். கண் எரிச்சலும் கழுத்து வலியும் குறையும். சமையலறைப் பக்கம் மட்டும் மிஷினை வைக்காதீர்கள், தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

பில்லை ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். தாள் நாளடைவில் வெளுத்துப்போகும், அதனால் அன்றைக்கே அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.